அழைப்புக் கடிதமும் மனச்சாட்சியும்



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து சனங்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு தகப்பனார் கோவில் வாசலில் எனக்காகக் காத்து நின்றார். கையில் ஒரு தாள். ஊரிலிருந்து ஓர் உறவினரைக் கனடாவுக்கு அழைக்கும் கடிதம் அது. "சுவாமி, மகளின்ரை கலியாணத்துக்கு என்ரை தமையன்ரை மகனைக் கூப்பிடுறம். நீங்களும் கீழை ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைச்சால் விசா சுகமாய்க் கிடைக்கும்" என்றார். வாசித்துப் பார்த்தேன். பையன் யாழ்ப்பாணத்தில் நிரந்தர உத்தியோகத்தில் இருக்கிறான் என்றும், மூன்று வாரம் தங்கிவிட்டு நிச்சயமாகத் திரும்பிப் போவான் என்றும் அதில் கண்டிருந்தது.

"பெடியன் உண்மையாய்த் திரும்பிப் போவானோ?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பின் நிலத்தைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாது சுவாமி. நான் கேக்கேல்லை" என்றார்.

அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவர் நல்ல மனிதர். உறவினர் எவருக்கும் கை கொடுக்கத் தவறாதவர். அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் "நான் கேக்கேல்லை" என்ற அந்தச் சிறு மறுமொழி நம் வீடுகள் பலவற்றில் வழங்கும் மறுமொழி. ஏன், என் வாயிலிருந்தே ஒரு முறை வந்த மறுமொழி. ஆகையால் இவ்வாரம் இவ்வினாவை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்: உறவினருக்கு உதவுவது கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வுதவி எதுவரை உதவி? எவ்விடத்தில் அது பொய்ச்சாட்சியாக மாறுகிறது?

பிணை வேறு, சாட்சி வேறு

முதலில், நாம் கையெழுத்திடும் காகிதம் என்ன என்பதை அறிந்துகொள்வோம். நம் ஊரவர் பார்வையாளராகக் கனடா வருவதற்கு விசா வேண்டும். விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 100 டொலர். கைரேகையும் படமும் பதிய 85 டொலர். வந்திறங்கியவர், எல்லை அதிகாரி வேறு விதமாகக் குறிக்காவிட்டால், ஆறு மாதம் தங்கலாம். விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைத் தேடுகிறார்: அனுமதித்த காலம் முடிந்ததும் இவர் திரும்பிப் போவாரா என்பதே அது. போவார் என்று காட்டும் பாரம் விண்ணப்பிப்பவர் தலையில்தான் இருக்கிறது.

அந்தப் பாரத்துக்கு நாம் கொடுக்கும் ஊன்றுகோல்தான் அழைப்புக் கடிதம். அழைப்பவர் யார், என்ன தொழில், குடியுரிமை பெற்றவரா நிரந்தரவாசியா, வீட்டில் எத்தனை பேர். வருபவர் என்ன உறவு, எதற்காக வருகிறார், எங்கே தங்குவார், செலவு யாருடையது, எப்போது புறப்படுவார் என்பவற்றை அதில் எழுத வேண்டும். கடிதம் இருப்பதால் விசா உறுதி என்பதில்லை. வந்தவர் திரும்பிப் போகாவிட்டால், நல்லெண்ணத்தோடு எழுதியவரைச் சட்டம் அதற்காகப் பிடிப்பதும் இல்லை.

இதைக் கேட்டவுடன் பலருடைய நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்கிவிடுகிறது. "அப்படியானால் எனக்கென்ன?" என்கிறார்கள். இங்கேதான் நிதானிக்க வேண்டும். பிணை வேறு, சாட்சி வேறு. பிணை நின்றவன் பணத்தைக் கட்டிக் கடனைத் தீர்த்துவிடலாம். சாட்சி சொன்னவன் பணத்தைக் கொடுக்கவில்லை. தன் சொல்லையே கொடுத்திருக்கிறான். சொல் பொய்த்தால் அதை எதைக் கொண்டு தீர்ப்பது? கடிதம் நம்மிடம் கேட்பது பிணை அன்று, சாட்சி. சட்டப் பொறுப்பு இல்லாதபடியால் மனச்சாட்சியின் பொறுப்பு முழுவதும் நம் மேலேயே விழுகிறது.

அறிந்து செய்யும் பொய்யைச் சட்டமும் சும்மா விடுவதில்லை. 2001ஆம் ஆண்டின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தெரிந்துகொண்டே பொய்த் தகவல் கொடுக்க இன்னொருவரைத் தூண்டுவதும், அதற்கு உதவுவதும் குற்றம். பாரதூரமான வழக்கில் 100,000 டொலர் வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. எனினும் நான் உங்களைச் சிறையைக் காட்டிப் பயமுறுத்த வரவில்லை. பயத்தால் சொல்லும் உண்மைக்கு விலை குறைவு.

நாம் சொல்லும் நியாயங்கள்

இவ்விஷயத்தில் நம்மவர் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தை முடி என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில் பொய்க்கு ஓரிடம் கொடுத்திருக்கிறாரே!" என்பது முதலாவது. வள்ளுவர் கொடுத்த இடம் எவ்வளவு ஒடுங்கியது என்று கவனியுங்கள். குற்றம் சிறிதும் கலவாத நன்மை விளையுமானால் மட்டுமே அவர் அதை ஒப்புகிறார். நம் பொய்யினால் விளைவது அப்படிப்பட்ட நன்மைதானா? ஓர் இளைஞன் கலியாணத்துக்கென்று வந்து மறைந்துவிட்டால், அந்த ஊரிலிருந்து, அந்தக் குடும்பத்திலிருந்து அடுத்து வரும் விண்ணப்பம் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படாது என்று யார் சொல்ல முடியும்? சாகக் கிடக்கும் மகளைப் பார்க்கத் துடிக்கும் ஒரு கிழவியின் விண்ணப்பமாக அது இருக்கலாம். நம் பொய்க்கு நாமறியாத ஒருவர் விலை கொடுக்கிறார். முகந்தெரியாதவர் கொடுப்பதால் அது விலை அல்லாமற் போய்விடுமா?

சிலர் இன்னும் நுட்பமாக, "திரும்பிப் போவான் என்றுதானே எழுதினேன், எப்போது என்று எழுதவில்லையே" என்பார்கள். சொல்லை வாயிலும் அதன் மிச்சத்தை மனத்திலும் வைத்துக்கொள்ளும் இந்த வித்தை புதிதன்று. கேட்பவர் எவ்வகையிலும் ஊகிக்க முடியாதபடி மனத்துக்குள் ஒரு பாதியை ஒளித்து வைத்துப் பேசுவது ஆகும் என்று 17ஆம் நூற்றாண்டில் சில ஒழுக்க நூலாசிரியர்கள் வாதித்தார்கள். பாப்பரசர் 11ஆம் இன்னொசெந்து 1679ஆம் ஆண்டில் அக்கொள்கையைக் கண்டித்து ஒதுக்கினார். இரகசியத்தைக் காக்கப் பேசாதிருக்கலாம். கேட்பவர் சற்றே சிந்தித்தால் விளங்கக்கூடிய விதமாகச் சுற்றிப் பேசலாம். ஆனால் மற்றவரை ஏமாற்றவென்றே சொல்லை அறுத்துக் கொடுப்பது பொய்தான்.

"நாமெல்லாரும் பொய் சொல்லித்தானே இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தோம், இப்போது மற்றவனுக்கு மட்டும் உபதேசமா?" என்பது இரண்டாவது. இது மற்றவற்றைவிடப் பாரமான நியாயம். இதைச் சொல்பவரின் கண்ணில் நீர் இருக்கும். 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை அவ்விடத்து மீனவர் கண்டு காப்பாற்றினார்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று அவர்கள் முதலில் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்பது பிறகு தெரியவந்தது. நாடு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தங்க அனுமதி கொடுத்தது. அந்தப் படகில் இருந்தவர்களை நியாயந்தீர்க்க எனக்கு மனம் வராது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும், ஆபத்திலிருந்து நேரே ஓடிவந்து, தாமதியாமல் தம்மை ஒப்புக்கொடுத்து, தக்க காரணம் காட்டும் அகதியை, முறைதவறி நுழைந்தான் என்பதற்காகத் தண்டிக்கலாகாது என்றே விதித்திருக்கிறது. உயிருக்கு ஓடுகிறவனை அளக்கும் கோல் வேறு.

ஆனால், சகோதரரே, அந்தப் படகின் கண்ணீரை எடுத்துக் கலியாணக் கடிதத்தில் பூசலாகாது. ஊரிலுள்ள உங்கள் உறவினருக்கு உண்மையாகவே உயிராபத்து என்றால், கடித எழுத்தை விட்டுவிட்டு அன்றைக்கே என்னிடம் வாருங்கள். இவ்விஷயம் அறிந்த வழக்கறிஞரிடம் நானே உங்களை அழைத்துப் போகிறேன். நல்ல சம்பளம் தேடுவது உயிருக்கு ஓடுவது அன்று. அதுவும் நியாயமான ஆசைதான். பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1963ஆம் ஆண்டின் தம் நிருபத்தில், தக்க காரணம் இருக்கையில் வேறு நாடு சென்று வாழ்வதை மனிதரின் உரிமைகளுள் ஒன்றாகவே எண்ணினார். ஆயினும் நியாயமான ஆசை ஒவ்வொன்றுக்கும் பொய்ச்சாட்சி சொல்லும் உரிமையை யாரும் நமக்குத் தரவில்லை.

"உண்மை சொன்னாலும் மறுக்கிறார்களே!" என்பது மூன்றாவது. மறுக்கிறார்கள், மெய்தான். திரும்பிப் போவதற்கென்றே வரும் எத்தனையோ தாய் தகப்பனுக்கும் விசா கிடைக்காமற் போனதை நான் அறிவேன். ஏழைக்கு இந்த வாசல் ஒடுங்கியது என்பதை மறைத்துப் பேசினால் நானும் பொய்யனாவேன். ஆனால் இரண்டு மறுப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். உண்மை சொல்லி மறுக்கப்பட்டவர், குறையைத் திருத்தி மறுபடியும் விண்ணப்பிக்கலாம். தீர்ப்பு நியாயமற்றது என்று கண்டால், வெளிநாட்டில் செய்த தீர்ப்பானால் 60 நாளுக்குள் மத்திய நீதிமன்றத்தின் அனுமதியை நாடலாம். பொய் சொல்லியோ, முக்கியமான ஒன்றை மறைத்தோ பிடிபட்டவருக்கு ஐந்து ஆண்டு வாசல் அடைபடுகிறது. முன்பு இரண்டு ஆண்டாக இருந்த தடை 2014ஆம் ஆண்டு ஐந்தாக உயர்ந்தது.

ஐந்து ஆண்டு என்றால் என்ன என்பதை நான் சட்டப் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

நான் இட்ட கையெழுத்து

2016ஆம் ஆண்டு. நான் இந்நாட்டுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. என் பெரியம்மாவின் மகள் மொன்றியலில் இருந்தாள்; என்னைவிட மூத்தவள்; அக்கா என்றே அழைப்பேன். அவள் தன் மகனின் முதல் நன்மைக்குத் தன் தம்பியை அழைக்க விரும்பினாள். ஊரில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறான் என்று ஒரு கடிதம் அவனிடம் இருந்தது. "நீ சுவாமி, நீ ஒரு வரி எழுதினால் நம்புவார்கள்" என்று அக்கா கேட்டாள். அவனை எனக்குத் தெரியும் என்றும், அந்தக் கடையில் வேலை செய்கிறான் என்றும், தவணை முடியத் திரும்பிப் போவான் என்றும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அந்தக் கடை மூடிப் பல மாதமாகிறது என்று யாரோ பேசியது என் காதில் விழுந்திருந்தது. அவனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க ஐந்து நிமிடம் போதும். நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று பயந்தேன். சொல்லிவிட்டால் நான் எழுத முடியாது. எழுதாவிட்டால் அக்கா வருந்துவாள்.

அதிகாரிகள் விசாரித்தார்கள். கடை இல்லை என்று கண்டார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கொடுக்க விளக்கம் இல்லை. ஐந்து ஆண்டுத் தடை விழுந்தது. 2019ஆம் ஆண்டு அக்காவுக்குப் புற்றுநோய் என்று கண்டார்கள். விசேஷ அனுமதி கேட்டு எழுதிப் பார்த்தோம்; கிடைக்கவில்லை. அவளுக்கு அடக்கப் பூசை செய்தவன் நான். அவள் தம்பி அதைக் கைத்தொலைபேசியின் சிறு கண்ணாடியில் பார்த்தான். கல்லறையிலிருந்து திரும்புகையில் அக்காவின் மகன், "மாமா ஏன் வரேல்லை?" என்று என்னைக் கேட்டான். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை.

பிறகு யோசித்தபோது மனத்தை அறுத்தது இன்னொன்று. என் தம்பிக்கு ஊரில் மனைவி இருந்தாள், இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், தகப்பன் விட்டுப்போன வயல் இருந்தது, கண் தெரியாத தாய் இருந்தாள். அவன் திரும்பிப் போவதற்கு இவை எல்லாம் மெய்யான காரணங்கள். இவற்றில் ஒன்றையும் நாங்கள் சரியாக எழுதவில்லை. இல்லாத கடையை எழுதினோம். உண்மையை எழுதியிருந்தால் விசா கிடைத்திருக்கும் என்று நான் சொல்லத் துணியேன். மறுத்திருந்தால் வெறும் மறுப்பு. மூன்று ஆண்டு கழித்து, சாகும் அக்காவைப் பார்க்க மறுபடி கேட்டிருப்பான்.

கேளாமலிருத்தல்

இனி அந்த நான்காவது நியாயத்துக்கு வருவோம்: "நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியாது. தெரியாதவன் பொய்யனா?"

குருமடத்தில் ஒழுக்க இயல் படிக்கையில் அறியாமையை எங்களுக்கு வகுத்துக் காட்டினார்கள். எவ்வளவு முயன்றாலும் அறிய முடியாதது ஒரு வகை. அது குற்றத்தை நீக்கும். சோம்பலினால் அறியாதது ஒரு வகை. அது குற்றத்தைக் குறைக்குமேயன்றி நீக்காது. அறிந்தால் கட்டுப்பட வேண்டிவரும் என்று அஞ்சி, வேண்டுமென்றே அறியாமலிருப்பது மூன்றாம் வகை. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதையும் மனிதர் விரும்பிச் செய்யும் செயலாகவே எண்ணினார். கதவைத் தட்டினால் உள்ளிருந்து யாரோ பதில் சொல்வார் என்று தெரிந்து தட்டாமல் நிற்பவன், உள்ளே ஆள் இருப்பதை அறிந்தவனே அன்றோ?

ஆகையால் "எனக்குத் தெரியாது" என்று நாம் சொல்லும்போது, தெரிந்துகொள்ளப் பயந்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அதுவே இவ்விஷயத்தில் உரைகல்.

இன்னொன்றையும் சேர்த்து எண்ணுங்கள். நாம் கேளாமலிருப்பது அதிகாரியை மட்டும் ஏமாற்றுவதன்று, உறவினரையும் கைவிடுவது. "உன் உத்தேசம் என்ன? ஊரில் உனக்கு என்ன கஷ்டம்?" என்று ஒரு சிறிய தகப்பன் கேட்காவிட்டால் அந்தப் பையனை வேறு யார் கேட்பார்? விசா முடிந்தபின் நிலவறை ஒன்றில் ஒளிந்து, பத்திரமில்லாமல், அரைக் கூலிக்கு உழைத்து, நோய் வந்தால் வைத்தியரிடம் போகப் பயந்து வாழ்வான் என்பதை அவனுக்கு யார் எடுத்துச் சொல்வார்? கையெழுத்து ஒரு நிமிட வேலை. கேட்பதும், கேட்டதைத் தாங்குவதும், தேவையானால் மாட்டேன் என்று சொல்வதும் ஓர் இரவு முழுதும் தூக்கத்தைக் கெடுக்கும் வேலை. அன்பு எதில் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

மெய்யான உதவி

"அப்படியானால் ஒருவரையும் அழையாதே என்கிறீரா சுவாமி?" என்று கேட்பீர்கள். இல்லை. இன்னும் அதிகமாக அழையுங்கள் என்கிறேன். ஆனால் இவ்விதமாக:

முதலாவது, அறிந்ததை அறிந்ததாகவும், நம்புவதை நம்புவதாகவும் எழுதுங்கள். "என் மாமியார் 70 வயதானவர், ஊரில் சொந்த வீட்டில் மூத்த மகனோடு இருக்கிறார், என் மகளின் கலியாணத்துக்கு வருகிறார், இரண்டு மாதம் எங்களோடு தங்குவார், செலவு எங்களுடையது" என்பவை நீங்கள் அறிந்தவை. "அவர் திரும்பிப் போவார் என்று நம்புகிறேன், காரணம் இவை" என்பது நம்பிக்கை. இந்த அளவே போதும்.

இரண்டாவது, முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருந்தால் அதை மறையாதீர்கள். விண்ணப்பத்தாளில் அக்கேள்வி நேராகவே இருக்கிறது. கனடாவை மட்டுமல்ல, எந்த நாட்டையும் குறித்துக் கேட்கிறது. பழைய மறுப்பு ஒரு குறை மட்டுமே. அதை மறைத்தால் குற்றமாகிவிடும்.

மூன்றாவது, கடன் வாங்கிய பணத்தை ஒரு வாரத்துக்கு வங்கிக் கணக்கில் போட்டுக் காட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வருபவர் ஏழையாக இருப்பது குற்றமன்று. செலவை நீங்கள் ஏற்பதானால், ஏற்கிறேன் என்று எழுதி, உங்கள் சம்பளச் சீட்டையும் வரிப் பத்திரத்தையும் வையுங்கள்.

நான்காவது, பணம் வாங்கிக்கொண்டு தன் பெயரைத் தாளில் காட்ட மறுக்கும் முகவரை நம்பாதீர்கள். இந்நாட்டில் கூலி பெற்று இவ்வேலை செய்ய வழக்கறிஞருக்கும், உரிமம் பெற்ற ஆலோசகருக்கும், கியூபெக் மாகாண நொத்தாரிசுக்கும் இன்னும் சில உரிமம் பெற்றவர்களுக்குமே சட்டம் இடம் கொடுக்கிறது. முகவர் எழுதிய பொய்க்கும் விண்ணப்பித்தவரே பொறுப்பாளி. கூலி வாங்காமல் உறவினரோ சிநேகிதரோ உதவலாம்.

ஐந்தாவது, உள்ள வழியை அறிந்துகொள்ளுங்கள். தாய் தகப்பனுக்கும், பாட்டன் பாட்டிக்கும் 2011ஆம் ஆண்டு முதல் சுப்பர் விசா என்று ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் அதில் வருபவர் ஒரே முறையில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். அழைக்கும் பிள்ளைக்கு அரசு குறித்த அளவு வருமானம் வேண்டும். வருபவருக்கு மருத்துவப் பரிசோதனையும், குறைந்தது 100,000 டொலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். ஆறு மாத விசாவில் வந்தவரும் தவணை முடியுமுன் நீட்டிப்புக் கேட்கலாம். பிற்காலத்தில் இங்கே குடியேற எண்ணமுடையவர், அந்த எண்ணம் ஒன்றினாலேயே பார்வையாளராக வரத் தகுதி இழப்பதில்லை என்றும் சட்டம் சொல்கிறது. தவணை முடியத் திரும்பிப் போவார் என்பதில் அதிகாரி திருப்தியடைய வேண்டும், அவ்வளவே. பொய் சொல்லி மறைக்கத் தேவையில்லாத ஒன்றை அறியாமையால் மறைத்துக் கெட்டவர்கள் உண்டு.

ஆறாவது, வருகிறவரிடமும் உண்மை பேசுங்கள். "வந்து ஊர் பாருங்கோ அம்மா" என்று அழைத்து, வந்தபின் பகல் முழுவதும் பிள்ளை பார்க்க வைத்து, பனிக்காலத்தில் நாலு சுவருக்குள் தனியே விட்டால், ஏமாந்தது அதிகாரி அல்ல, உங்கள் தாய். பிள்ளை பார்க்க உதவி வேண்டுமானால் அதை முதலிலேயே அவளிடம் கேளுங்கள். பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்க எந்தப் பாட்டி மறுப்பாள்?

ஏழாவது, எல்லாம் செய்தும் மறுத்துவிட்டால், நாம் போகலாம். வாசல் அவர்களுக்குத்தான் அடைபட்டது. நம்மில் அநேகருக்குத் திறந்தே இருக்கிறது. பயணச்சீட்டு விலை அதிகம் என்பீர்கள். முகவருக்குக் கொடுக்கச் சித்தமாக இருந்த பணத்தை ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

நிற்க. முதலில் சொன்ன தகப்பனார் அன்றிரவே தமையன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். மகனிடம் கேட்டார். அவனுக்கு வேலை இல்லை. வந்தால் நின்றுவிட வேண்டும் என்பதே எண்ணம். அதை அவன் ஒளியாமல் சொன்னான். யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவன் போலச் சொன்னான் என்றார். இருவரும் அதிக நேரம் பேசியிருக்கிறார்கள். பிறகு தமையனே தொலைபேசியை வாங்கி, "தம்பி, பெடியனை விடு. என்னையும் அண்ணியையும் ஒருக்கால் கூப்பிடேலாதோ? பெட்டையின்ரை கலியாணத்தைப் பாத்திட்டு வந்திடுவம்" என்று கேட்டாராம்.

அவரை அழைக்கலாம் என்ற நினைவே எங்களுக்கு வரவில்லை சுவாமி என்று தகப்பனார் என்னிடம் சொன்னார். நின்றுவிட எண்ணுகிறவனுக்காகக் கடிதம் எழுதினோம். கலியாணம் பார்க்க மட்டும் ஆசைப்பட்ட மனிதனை மறந்துவிட்டோம். இப்போது அந்த இருவருடைய விண்ணப்பம் போயிருக்கிறது. முடிவு எப்படியும் ஆகலாம். தாளில் உள்ளது அத்தனையும் உண்மை.

இனிமேல் என்னிடம் கடிதம் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பங்குப் பதிவேட்டில் உள்ளதை நான் எழுதித் தருவேன்: நீங்கள் இப்பங்கினர் என்பதையும், கலியாணம் அல்லது ஞானஸ்நானம் இன்ன நாளில் இக்கோவிலில் நடக்கும் என்பதையும். நான் அறியாத ஒருவர் திரும்பிப் போவார் என்று எழுத மாட்டேன். மனம் நோகாதீர்கள்.

ஆனால் சனிக்கிழமைதோறும் பின்னேரம் 4 மணி முதல் பங்கு மனையில் இருப்பேன். விண்ணப்பத்தாள்களைக் கொண்டு வாருங்கள்; கூலியில்லாமல் கூட இருந்து நிரப்பித் தருவேன். வருமுன் ஊருக்குத் தொலைபேசி எடுத்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள் நலம் நாடும்
பங்குக் குரு